நடப்பவர்களிடம் மூன்றில் ஒரு பங்கு கேட்பதா?

2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். இது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. நடைபாதையைப் பயன்படுத்தும் உரிமை, அரசமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமும் கூறிவிட்டது. ஆனால், தங்கள் தெருவில் பள்ளிப் பிள்ளைகள் பயமில்லாமல் நடக்கவோ சைக்கிள் ஓட்டவோ ஏதாவது செய்ய வேண்டும் என்று நான்கு பேர் கூடினால், அதற்கான பணத்தை யாரிடம் கேட்பது என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

மக்களும் அரசும் சேர்ந்து செலவிடும் வழி ஒன்று தமிழ்நாட்டில் இருக்கிறது. 1997-98இல் தொடங்கி, இடையில் பெயர் மாறி, 2021இல் மீண்டும் உயிர்பெற்ற ‘நமக்கு நாமே’ திட்டம்தான் அது. நல்ல திட்டம். ஆனால் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் தர வேண்டும் என்பது அதன் பொது விதி. 6 லட்சம் ரூபாய் வேலைக்கு 2 லட்சம் திரட்ட வேண்டும். சென்னை அடையாறில் ஒரு குடியிருப்போர் சங்கம் இதை ஒரே மாதத்தில் திரட்டிவிடும். அதே சென்னையின் வியாசர்பாடியில் தினக்கூலிக்குப் போகும் குடும்பங்கள் எப்படித் திரட்டும்? வண்டி வாங்க வழியில்லாமல் நடப்பவர்களும், பழைய சைக்கிளில் வேலைக்குப் போகிறவர்களும் நிறைந்த தெருவுக்கே நடைபாதை முதலில் தேவை. இந்த விதி அவர்களைத்தான் வரிசையின் கடைசிக்குத் தள்ளுகிறது.

மற்ற வழிகளும் எளிதானவை அல்ல. நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய் தொகுதி நிதி உண்டு. வேலையைப் பரிந்துரைப்பது அவர் விருப்பம். பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்று கம்பெனிகள் சட்டம் சொல்கிறது. அந்தப் பணத்தைப் பெற்றுப் பணி செய்யும் வெளி அமைப்புக்குப் பதிவு, வருமான வரி விலக்குச் சான்றுகள், மூன்றாண்டு அனுபவம் எல்லாம் வேண்டும். தெருவில் கூடிய பெற்றோர் குழுவிடம் இவை எப்படி இருக்கும்?

சிறு உதவி எதைச் சாதிக்கும் என்பதற்குப் புதுக்கோட்டையே சாட்சி. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் வாங்க வங்கிகளைக் கடன் கொடுக்க வைத்தார். கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் என ஆயிரக்கணக்கானோர் சைக்கிள் ஏறினார்கள். பெரிய கட்டுமானம் எதுவும் அங்கே நடக்கவில்லை. ஊர் மக்கள் முன்னின்றார்கள், நிர்வாகம் அவர்களை நம்பிப் பணத்துக்கு வழி செய்தது. அந்த நம்பிக்கையைத்தான் இன்றைய நகராட்சி நிர்வாகத்திடமும் எதிர்பார்க்கிறோம்.

போக்குவரத்து நிதியில் குறைந்தது 60 சதவீதத்தை நடப்பவர்களுக்கும் சைக்கிளில் செல்பவர்களுக்கும் ஒதுக்குவதாகச் சென்னை மாநகராட்சி 2014இல் கொள்கை வகுத்தது. நாட்டுக்கே முன்மாதிரி என்று பாராட்டப்பட்ட கொள்கை அது. 2019இல் திறக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகத்துக்கு ஏறத்தாழ 40 கோடி ரூபாய் செலவானது. அந்தச் செலவு வீண் இல்லை. இன்று குடும்பம் குடும்பமாக மக்கள் அங்கே நடக்கிறார்கள். ஆனால் சென்னையின் 200 வார்டுகளுக்கும் தலா 5 லட்சம் கொடுத்தால்கூட மொத்தம் 10 கோடிதான், பாண்டி பஜார் செலவில் கால் பங்கு. பள்ளி வாசலில் வேகத்தடை, உடைந்த சிமென்ட் பலகைக்கு மாற்று, சாய்தளம், சைக்கிள் நிறுத்துமிடம் போன்ற வேலைகளை அந்தத் தொகையில் தொடங்கிவிடலாம்.

எனவே அடுத்த நிதிநிலை அறிக்கையில் ஒவ்வொரு மாநகராட்சியும் நகராட்சியும் நடை, சைக்கிள் பணிகளுக்கென மக்கள் நேரடியாக விண்ணப்பிக்கக்கூடிய மானியத்தை அறிவிக்க வேண்டும். எந்த வேலை முதலில் என்பதை வார்டின் பகுதி சபை முடிவு செய்யட்டும். குறைந்த வருமானப் பகுதிகளுக்கு மூன்றில் ஒரு பங்கு விதியைத் தளர்த்த வேண்டும். அங்கே மக்கள் தரும் உழைப்பையும், எங்கே எத்தனை பேர் நடக்கிறார்கள் என்று அவர்கள் எடுக்கும் கணக்கெடுப்பையும் பங்களிப்பாக ஏற்க வேண்டும். செலவழித்துவிட்டு ரசீது காட்டி வாங்கிக்கொள்ளச் சொன்னால் ஏழைத் தெரு விண்ணப்பிக்கவே வராது. ஆகவே முன்பணம் அவசியம். இன்னொன்று, பராமரிப்பு. சாலைத் தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் அமைப்பின் விதிப்படி தடையில்லாத 1.8 மீட்டர் அகலத்தில் நடைபாதை போட்ட பிறகும், மின்பெட்டியும் நிறுத்திய பைக்கும் அதை அடைத்துக்கொள்வதை எங்கும் பார்க்கிறோம். மானியத்தில் ஒரு பகுதியை முதல் மூன்று ஆண்டுப் பராமரிப்புக்கென்று தனியே வைத்து, அதைக் கண்காணிக்கும் பொறுப்பை விண்ணப்பித்த தெருக்காரர்களிடமே கொடுக்க வேண்டும்.