உடம்பு என்னுடையது, உறுப்பு யாருடையது?

'என் உடம்பு, என் முடிவு' என்ற வாசகம் எம்மவர் மத்தியில் மந்திரம்போல ஓதப்படுகிறது. கொவிட் அடங்கி வருடங்கள் கழிந்த பிறகும் ஓதல் அடங்கவில்லை. பிறந்தநாள் விழா மண்டபங்களில், கோயில் அன்னதான வரிசையில், வட்ஸ்அப் குழுக்களில், 'ஊசி போடாத குற்றத்துக்காக ஒரு பெண்ணைக் கனடா சாகவிட்டது' என்ற கதை சுற்றிக்கொண்டே இருக்கிறது. சொல்பவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள். மற்றப் பாதியைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன்.

அந்த வாசகத்தோடு எனக்குப் பகை இல்லை. அது கருக்கலைப்பு உரிமைக்காகத் தெருவில் இறங்கிய பெண்களின் வாசகம். 1988இல் மோர்கென்ரேலர் வழக்கில் கனடிய உச்ச நீதிமன்றம் கருக்கலைப்புச் சட்டத்தைச் செல்லுபடியற்றதாக்கியதற்குப் பின்னால் அவர்களுடைய நீண்ட போராட்டம் இருந்தது. இன்று அதை ஓதும் எங்கள் அண்ணன்மாரில் எத்தனை பேர் தங்கள் மகளின் விசயத்தில் அதை ஒப்புக்கொள்வார்கள் என்று கேட்டுப் பாருங்கள். இரவல் வாங்கியதுதான் வாங்கினார்கள், அதை முழுதாக வாங்கியிருக்கலாம்.

இனி அந்தக் கதைக்கு வருவோம். அல்பேர்ட்டா மாகாணத்தைச் சேர்ந்த ஷீலா ஆனெற் லூயிஸ், உயிர்கொல்லி நோயோடு உறுப்பு மாற்றுச் சத்திரசிகிச்சைக்காகக் காத்திருந்தவர். எந்த உறுப்பு, எந்த வைத்தியசாலை, எந்த வைத்தியர்கள் என்பதை வெளியிட நீதிமன்றம் தடை விதித்திருந்தது. 2021இல் சிகிச்சைக் குழு கொவிட் தடுப்பூசியையும் நிபந்தனையாக்கியது. அது பரிசோதனை மருந்து, என் மனச்சாட்சி இடம் கொடாது என்று அவர் மறுத்து வழக்குப் போட்டார். 2022 ஜூலையில் கீழ் நீதிமன்றமும் நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அவருடைய கோரிக்கையைத் தள்ளுபடி செய்தன. யாருக்கு மாற்றுச் சிகிச்சை செய்வது என்பது வைத்தியத் தீர்மானம், அதற்கு உரிமைகள் சாசனம் பொருந்தாது என்பது தீர்ப்பின் சாரம். 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்க மறுத்தது. அந்த ஓகஸ்டில் அவர் இறந்துபோனார்.

இறந்தவரை இகழ எனக்கு மனமில்லை. தன் நம்பிக்கைக்குத் தன் உயிரையே பணயம் வைத்தவர் அவர். கைபேசியில் பெருவிரலால் தட்டி அனுப்புகிறவர்களை விட எவ்வளவோ நேர்மையானவர். ஆனால் அவரை யாரும் பிடித்துவைத்து ஊசி ஏற்றவில்லை. மறுக்கிற உரிமை கடைசி நாள் வரை அவரிடமே இருந்தது. அவர் வழக்காடியது வேறொன்றுக்காக: இன்னொரு மனிதரின் உடம்பிலிருந்து எடுக்கப்படும் உறுப்புக்காக. அப்படியான உறுப்பு களஞ்சியத்தில் குவிந்து கிடப்பதில்லை. ஒருவருக்கு வைத்தால் பட்டியலில் நிற்கும் மற்றவருக்கு இல்லை. அந்த மற்றவருக்கும் ஒரு உடம்பு இருக்கிறது. எங்கள் வட்ஸ்அப் வீரர்களின் கதையில் அவர் வருவதே இல்லை.

வைத்தியர்கள் ஏன் ஊசியைக் கேட்டார்கள்? மாற்றி வைத்த உறுப்பை உடம்பு அந்நியனாகக் கண்டு தாக்கும். ஆகவே நோயெதிர்ப்புச் சக்தியை மருந்தால் அடக்கி வைக்கிறார்கள். அந்த உறுப்பு வேலை செய்யும் காலமெல்லாம் மருந்தும் தொடரும். அப்படி அடக்கிய உடம்பு தடுப்பூசிக்குச் சரியாக ஈடுகொடுக்காது. சின்னமுத்துக்குப் போடுவது போன்ற உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பூசிகளைப் பின்னர் பொதுவாகத் தவிர்த்தே விடுவார்கள். போடவேண்டியதை முன்னரே போட்டுவிடு என்பது இதனால்தான். ஹெபரைற்றிஸ் பி, நிமோனியா ஊசிகளெல்லாம் கொவிட்டுக்கு முன்பே அந்தப் பட்டியலில் இருந்தவை. அப்போது யாரும் கொடி பிடிக்கவில்லை. மாற்று உறுப்போடு வாழ்ந்தவர்கள் 2020இல் கொவிட் தொற்றி மற்றவர்களை விட மிகக் கூடுதலாக இறந்தார்கள் என்பதைக் கண்ட பிறகும் வைத்தியர்கள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டுமா?

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது. தகுதி விதி என்ற பெயரில் தண்டனையும் உள்ளே நுழையும். குடியால் ஈரல் கெட்டவர் ஆறு மாதம் மதுவைத் தொடாமல் இருந்து காட்டினால்தான் பட்டியலில் சேர்ப்போம் என்று ஒன்ராறியோவில் விதி இருந்தது. கடும் நோயாளிகள் பலருக்கு ஆறு மாத ஆயுளே இருக்காது. 2011இல் பிரான்ஸ், பெல்ஜிய வைத்தியர்கள், மருந்துக்கு மசியாத ஈரல் அழற்சி உள்ளவர்களில் சிலரைக் கவனமாகத் தெரிந்தெடுத்து, ஆறு மாதம் காக்கவைக்காமலே மாற்றுச் சிகிச்சை செய்து முடிவுகளை வெளியிட்டார்கள். ஆறு மாதத்தின் பின் 100க்கு 77 பேர் உயிரோடு இருந்தார்கள். சிகிச்சை கிடைக்காத அதேபோன்ற நோயாளிகளில் 23 பேர்தான். ஒன்ராறியோவில் 2010இல் கணவனை இழந்த ஒரு பெண் இந்த விதியை எதிர்த்துப் போராடினார். 2018இல் ஒரு பரீட்சார்த்தத் திட்டமாக அது தளர்த்தப்பட்டது. அந்தப் பெண், 'உங்கள் விதிக்கு ஆதாரம் எங்கே?' என்று கேட்டார். கேட்கவேண்டிய கேள்வி அதுதான். கொவிட் ஊசி விதியிடமும் அதையே கேட்கவேண்டும். 2021இல் சரியாக இருந்த நிபந்தனை, அநேகமாக எல்லோருக்கும் ஒருமுறையாவது தொற்று வந்துபோன பிறகும் அப்படியே சரியாக இருக்கும் என்றில்லை. எல்லா மாற்றுச் சிகிச்சை நிலையங்களும் ஒரே விதியை வைத்திருக்கவும் இல்லை. 'இந்த உறுப்பு இந்த உடம்பில் பிழைக்குமா?' என்பதற்கு மட்டும் விதி பதில் சொல்லட்டும். நல்லவனா கெட்டவனா, சொல்கேட்பவனா என்பது அதன் வேலையில்லை.

கட்டாய ஊசி என்பது இன்னொரு விசயம். இரண்டையும் ஒரே சட்டிக்குள் போட்டுக் கிண்டுவதால்தான் இவ்வளவு குழப்பம். ஒன்ராறியோவில் 2021 செப்டெம்பர் 22 முதல் 2022 மார்ச் 1 வரை உணவகத்துக்குள் இருந்து சாப்பிட ஊசிச் சான்றிதழ் காட்டவேண்டியிருந்தது. காட்டவேண்டியவர் சாப்பிட வருபவர். குசினிக்குள் நிற்கும் எங்களிடம் மாகாண அரசு அதைக் கேட்கவே இல்லை. பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்டுவந்து கோப்பை கழுவத் தொடங்கியவன் நான். சட்டம் யாரை மனிதராக எண்ணிப் பார்க்கிறது என்று எனக்குக் குசினிதான் படிப்பித்தது. நான் வேலை செய்த இடத்தில் காய்ச்சலோடு வந்து கோப்பை கழுவியவர்கள் இருந்தார்கள். வராவிட்டால் சம்பளம் இல்லை. சம்பளத்தோடு இருந்த இரண்டு சுகவீன நாட்களையும் மாகாண அரசு 2019 ஜனவரியோடு பறித்திருந்தது. பெருந்தொற்றின் நடுவில், 2021 ஏப்ரலில், மூன்று நாட்களைத் தற்காலிகமாகக் கொடுத்து 2023 மார்ச்சோடு அதையும் நிறுத்தியது. காய்ச்சல் உடம்பை வீட்டில் கிடத்தும் உரிமை உடம்பின் மீதான உரிமை இல்லையா? 2022இல் ஒட்டாவாவில் 'சுதந்திரம்' என்று லொறி ஹோர்ன் அடித்தவர்கள் இதற்காக ஒருதரம்கூட அடிக்கவில்லை.

அகதிகளான எங்களுக்குச் சிகிச்சை மறுப்பு என்றால் என்னவென்று யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2012இல் ஹார்ப்பர் அரசாங்கம் அகதிகளின் இடைக்கால வைத்தியக் காப்புறுதியை வெட்டியது. எங்களில் பலருக்கு மருந்துச் செலவு இல்லையென்றாயிற்று, சிலருக்கு வைத்தியரைப் பார்ப்பதே இல்லையென்றாயிற்று. எந்த ஊசிக்குச் சம்மதித்தும் அதைத் திரும்பப் பெற்றிருக்க முடியாது. வந்த நாட்டின் பெயரும் விண்ணப்பத்தின் நிலையுமே எங்கள் தகுதிகள். 2014 ஜூலையில் சமஷ்டி நீதிமன்றம் அதைக் கொடூரமான நடத்தை என்று கண்டது. 2016இல்தான் காப்புறுதி முழுதாகத் திரும்பியது. அதே உரிமைகள் சாசனம், இங்கே வென்றது. காரணம் வெளிப்படை: ஒரு அகதிக்கு மருந்து கொடுப்பதால் பட்டியலில் நிற்கும் வேறொருவர் சாவதில்லை.

உடம்பின் மீது அரசு கைவைப்பதையும் நாங்கள் கண்டிருக்கிறோம். 2020 மார்ச் முதல் 2021 பெப்ரவரி வரை இலங்கை அரசு கொவிட்டில் இறந்த முஸ்லிம்களின் உடல்களைப் புதைக்கவிடாமல் எரித்தது. புதைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும், பிறந்து இருபது நாளான பிள்ளையைக்கூட விடவில்லை. 2024இல் மன்னிப்புக் கேட்டது. எரிந்த உடல்கள் திரும்பி வரவா போகின்றன? இங்கே 'வைத்திய சர்வாதிகாரம்' என்று கத்திய எம்மவரில் எத்தனை பேர் அப்போது வாய் திறந்தார்கள்?

கடைசியாக ஒன்று. எங்கள் வீடுகளில் சலரோகம் இல்லாத குடும்பம் குறைவு. அதன் கடைசிப்படி சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸில் கிடப்பது. பி வகை இரத்தம் ஐரோப்பியர்களை விடத் தெற்காசியர்களிடம் கூடுதல், அந்த வகையினர் சிறுநீரகத்துக்குப் பொதுவாக நீண்டகாலம் காத்திருக்கிறார்கள். நொவா ஸ்கோஷியாவில் 2021 முதல், மறுத்துப் பதியாத வளர்ந்தவர்கள் பொதுவாகச் சம்மதித்தவர்களாகவே கருதப்படுகிறார்கள். ஒன்ராறியோவில் நாங்களாகவே பதியவேண்டும். ஹெல்த் கார்ட் இருந்தால் சில நிமிட வேலை, காசு இல்லை. 'என் உடம்பு, என் முடிவு' என்பவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஏது? உங்கள் உடம்பு, உங்கள் முடிவு: பதியுங்கள். ஊசியே வேண்டாம் என்று நிற்பவரும் பதியலாம். அதற்கு எந்த ஊசியும் கேட்கமாட்டார்கள்.