ஒலி பதித்தோர்க்குக் களஞ்சியத்தில் இடமுண்டா?

கலைக்களஞ்சியம் புகழ்மாலை தொடுக்கும் இடமன்று. அறிய விரும்புவோன் ஐயம் தெளிந்து செல்லும் இடம். இவ்வேறுபாட்டை மறந்துவிடுவதனாலேயே, இன்ன பொருளுக்குக் களஞ்சியத்தில் கட்டுரை உண்டா, இல்லையா என்ற வினா நம்மிடையே மானப்பிரச்சினையாகி விடுகிறது. கருவிகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராய்ச் சென்று ஒலிப்பதிவு செய்யும் ஒரு நிறுவனத்துக்கு இணையக் கலைக்களஞ்சியத்தில் தனிக்கட்டுரை தகுமா? சிறிய வினாப்போல் தோன்றும் இதனுள், நம் மலையகத்தின் நினைவு எங்கே தங்கப்போகிறது என்ற பெரிய வினா அடங்கியிருக்கிறது.

தமிழிற் களஞ்சியம் தொகுக்கும் முயற்சி புதியதன்று. யாழ்ப்பாணத்து ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை 1902-இல் ‘அபிதானகோச’த்தை வெளியிட்டார். ஆ. சிங்காரவேலு முதலியாரின் ‘அபிதான சிந்தாமணி’ 1910-இல் வந்தது. பெரியசாமித் தூரனைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளில் ‘கலைக்களஞ்சிய’த்தை நிறைவேற்றிற்று. அந்நூல்களில் எதைச் சேர்ப்பது, எதை விடுப்பது என்பதைப் பதிப்பாசிரியரின் புலமையும் தாளின் விலையும் சேர்ந்து தீர்மானித்தன.

2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவின் நிலை வேறு. யாழ்ப்பாணத்தில் பிறந்த இ. மயூரநாதன் முதலிய அன்பர்களின் உழைப்பால் வளர்ந்த அக்களஞ்சியத்தில் இன்று ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள் உள்ளன. அங்கே தாள் இல்லை, அச்சுக்கூலி இல்லை. ஆதலால், “இடந்தான் ஏராளமாய் இருக்கிறதே! ஒரு நிறுவனத்தின் பெயரையும் சேர்த்தால் என்ன நட்டம்?” என்று கேட்போர் உண்டு. நட்டம் உண்டு. ஒவ்வொரு கட்டுரையையும் யாரேனும் ஒருவர் படித்துச் சரிபார்த்துக் காக்க வேண்டும். காப்பவர் சிலர், கட்டுரைகளோ பல. மேலும், தன்னைப்பற்றித் தானே எழுதிக்கொண்டதைச் சரிபார்ப்பதற்குப் பிறர் எழுதியது ஒன்று வேண்டுமன்றோ? அதனாலேயே அக்களஞ்சியத்தார் ‘குறிப்பிடத்தக்கமை’ என்று ஓர் அளவுகோலை வைத்துள்ளனர். ஒரு பொருளோடு தொடர்பில்லாத நம்பத்தகுந்த பிறர், அதனைப்பற்றிப் போகிற போக்கில் அன்றி விரிவாக எழுதியிருக்க வேண்டும். அத்தகைய சான்று ஒன்றுக்கு மேற்பட்டிருக்க வேண்டும். இதுவே அதன் சாரம். பணமும் பெருமையும் இங்கே அளவல்ல, சான்றே அளவு.

இவ்வளவுகோலைச் சில மெய்யான நிகழ்ச்சிகளில் வைத்துப் பார்ப்போம். 1902-இல் கிராமபோன் கம்பெனியின் ஒலிப்பதிவு நிபுணர் பிரெட் கெய்ஸ்பெர்க் இலண்டனிலிருந்து கப்பலேறிக் கல்கத்தா வந்தார். நிலையான ஒலிப்பதிவுக் கூடம் அங்கே இல்லை. கருவிகளைக் கொண்டுவந்து இறக்கிய இடமே கூடமாயிற்று. கெளஹர் ஜான் என்ற புகழ்பெற்ற பாடகி பாடினார். பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே உரக்கச் சொன்னார். ஏன்? பதிவுத் தகடுகள் ஜெர்மனியின் ஹனோவர் நகருக்குச் சென்றே இசைத்தட்டுகளாக வேண்டும். அங்குள்ள தொழிலாளி அக்குரல் யாருடையது என்று எவ்வாறு அறிவான்? பெயரைச் சொன்னால்தான் தட்டின்மேல் சரியான பெயரை ஒட்ட முடியும். அந்தக் கம்பெனி இன்று களஞ்சியங்களில் இடம்பெறுவது அது தட்டு விற்றுப் பொருளீட்டியதற்காக அன்று. இந்திய இசை வரலாற்றை ஆராய்ந்தோர் அதனை விட்டுவிட்டு எழுத இயலாமற் போனதற்காகவே.

இன்னுமொன்று. டச்சு அறிஞர் ஆர்னால்ட் பாக்கே 1938-இல் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கன்னட நாட்டிலும் சுற்றி நாட்டார் இசையைப் பதிவு செய்தார். 1984-இல் நசீர் ஜைராஸ்போய், ஏமி கேட்லின் என்ற இரு ஆய்வாளர்கள் அப்பதிவுகளை எடுத்துக்கொண்டு அதே வட்டாரங்களுக்குச் சென்று, நாற்பத்தாறு ஆண்டுகளில் இசை எவ்வாறு மாறியது, எது மறைந்தது என்று ஒப்பிட்டனர். எந்த ஊரில், எந்த ஆண்டில், யார் பதித்த ஒலி என்று தெரிந்ததனாலேயே அம்மறுபயணம் கைகூடிற்று. ஊரும் பெயரும் அறியப்படாத ஒலி செவிக்கு இன்பம் தரலாம், வரலாற்றுக்குச் சான்றாகாது.

தொலைவில் உள்ளவற்றைச் சொல்லிவிட்டு அண்டையில் உள்ளதை விடுவது முறையன்று. இறம்பொடை அருவியின் நீர் கொத்மலை ஓயாவைச் சேர்ந்து நீர்த்தேக்கத்தை நோக்கிச் செல்கிறது. அந்த நீர்த்தேக்கத்தைத் தந்த மகாவலித் திட்டத்தோடு 1981-இல் மகாவலிச் சமூக வானொலியும் தோன்றிற்று. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமும் மகாவலி அதிகார சபையும், யுனெஸ்கோ, டென்மார்க்கு நாட்டு உதவி நிறுவனம் ஆகியவற்றின் துணையோடு அதனை நடத்தின. அதன் குழுவினர் தலைநகரில் அமர்ந்து நிகழ்ச்சி தயாரிக்கவில்லை. ஒலிப்பதிவுக் கருவியோடு குடியேற்றக் கிராமங்களுக்குச் சென்று, சில நாள் அங்கேயே தங்கி, மக்களைப் பேசவும் பாடவும் வைத்துப் பதிவு செய்தனர். அவ்வழியில் 1989-இல் கொத்மலைச் சமூக வானொலி எழுந்தது. தொண்ணூறுகளின் இறுதியில் நேயர் கேட்ட வினாக்களுக்கு இணையத்தில் விடை தேடி வானொலியிற் சொல்லும் முறையையும் அது கையாண்டது. உலகின் பல பாகங்களிலும் உள்ள ஆய்வாளர் அதனைப்பற்றி எழுதினர். ஆகவே நமது அளவுகோலின்படி அதற்குத் தனிக்கட்டுரை தகும் என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் ஒலி பெரும்பாலும் சிங்களத்தில் ஒலித்தது. அதனைப்பற்றிய ஆய்வு பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தது. பக்கத்து மலையில் கொழுந்தெடுத்தவர்களின் தமிழ்க்குரலை அவ்வாறு நாள்கணக்கில் உடன்தங்கிப் பதிவு செய்தோர் எத்தனை பேர்?

இனி நம் வினாவுக்கு வருவோம். திருமணத்துக்கும் தேர்த்திருவிழாவுக்கும் கூலி பேசி வந்து பதிவு செய்துவிட்டுப் போகும் நிறுவனம் நேர்மையான தொழில் செய்கிறது, அதில் இழிவில்லை. ஆயினும் அதன் விளம்பரத்தைத் தவிர வேறு சான்று இல்லையெனில் களஞ்சியத்தில் அதற்குத் தனிக்கட்டுரை தகாது. மாசியில் தொடங்கும் காமன் கூத்தையும், அருச்சுனன் தபசையும், பொன்னர் சங்கரையும் தோட்டம் தோட்டமாய்ச் சென்று பதிவு செய்த நிறுவனமாயினும் விதி அதுவேதான்.

இங்கே ஒரு மறுப்பு எழும், அது வலிமையானது. “எழுதப்பட்ட சான்று கேட்பது எழுத்துடையார்க்கு நீதி, எழுத்து மறுக்கப்பட்ட மக்களுக்கு அது நீதியாகுமா?” 1948-இல் குடியுரிமை இழந்து, 1964-ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இரு நாடுகளுக்குப் பங்கிடப்பட்ட மக்கள் நம்மவர். ஒரே லயத்தில் எதிர்ப்பாட்டுப் பாடியவர்களில் ஒருவர் நீலகிரிக்குப் போனார். மற்றவர் இங்கே நின்றார். அவர்களைப்பற்றி விரிவாக எழுதிவைக்க யாருக்கு ஓய்விருந்தது? சி. வி. வேலுப்பிள்ளை போன்ற ஒருசிலர் மலைநாட்டு மக்களின் பாடல்களைத் திரட்டி நூலாக்கியிராவிடில் சொற்களும் மிஞ்சியிரா. அவற்றின் மெட்டோ தாளில் ஏறாதது. வாய்மொழியையே சான்றாகக் கொள்ளலாம் என்று 2011-இல் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒரு முயற்சி நடந்தது. மலையாளம், இந்தி முதலிய மொழிகளில் மக்களின் சொல்லைப் பதிவு செய்து விக்கிப்பீடியாக் கட்டுரைகளுக்கு ஆதாரமாக வைத்துக் காட்டினர். ஆயினும் அது பெருவழக்காக நிலைபெறவில்லை.

இம்மறுப்பை நான் பாதி ஏற்கிறேன், பாதி ஏற்கவில்லை. முதிய கூத்தாசிரியர் ஒருவரின் ஒலிப்பதிவு, கூத்தைப்பற்றிய கட்டுரைக்கு நல்ல சான்றாகத் தகும். அதனை ஏற்க மறுப்பது எழுத்தின் செருக்கு. ஆனால் அப்பதிவு, பதிவு செய்த நிறுவனத்தின் சிறப்புக்குச் சான்றாகாது. பாட்டுக்குச் சாட்சி சொல்லும் ஒலி, பதித்தவனுக்குப் பரிந்துபேச முடியாது. அளவுகோலை நமக்காக வளைத்தால் நாளை விளம்பரக்காரர் அனைவருக்கும் அது வளையும். அப்போது நம் கூத்தைப்பற்றிய மெய்யான கட்டுரையையும் எவரும் நம்பார். ஏமாற்றப்பட்ட மக்களுக்கு நம்பத்தகுந்த நூல் பிறரைவிட அதிகம் வேண்டும், குறைவாக அன்று.

அப்படியானால் செய்யவேண்டியது யாது? முதலில், நிறுவனத்தைப்பற்றி அன்று, கூத்தைப்பற்றி எழுதுவோம். ஆடியவர், பாடியவர், தப்படித்தவர் பெயர்களோடு எழுதுவோம். அக்கட்டுரையினுள் பதிவு செய்தோர் பெயர் ஒரு வரியில் இயல்பாக அமையும். இரண்டாவதாக, ஒலிப்பதிவாளர்கள் ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தோட்டத்தின் பெயர், நாள், பாடுவோர் பெயர் மூன்றையும், பாடுவோர் இசைவோடு, சொல்லவைப்பார்களாக. கல்கத்தாவில் 1902-இல் ஒரு பாடகி செய்ததை இறம்பொடையில் இன்று செய்வது அரிதன்று. மூன்றாவதாக, அப்பதிவுகளின் படியொன்றை 2005-இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம நூலகத்தில் ஒப்படைப்போம். அது நூல்களோடு ஒலிப்பதிவுகளையும் பேணுகிறது. நான்காவதாக, ஆசிரியர்களும் பேராதனை முதலிய பல்கலைக்கழக மாணவர்களும் இத்தகைய குழுக்களின் பணியை நிறைகுறையோடு ஆராய்ந்து இதழ்களிலும் ஆய்வேடுகளிலும் எழுதுவார்களாக. பிறர் எழுதிய அந்த எழுத்தே நாளை களஞ்சியம் கேட்கும் சான்று.

அந்நாளில் ஒலி பதித்த நிறுவனத்துக்குக் களஞ்சியத்தில் இடம் கேட்டு யாரும் வாதாட வேண்டியதில்லை. இடம் தானே கிடைக்கும். அதுவரை, கதவு அடைத்திருக்கிறதென்று களஞ்சியத்தாரை நோவதில் பயனில்லை. மலையகத்துக் குரல்கள் ஒவ்வோராண்டும் முதுமையில் ஓய்ந்து வருகின்றன. பேனாவும் நம் கையில்; ஒலிப்பதிவுக் கருவியும் இன்று நம் சட்டைப்பையில். காத்திருப்பதற்குக் காரணம் ஏதும் இல்லை.