வெட்கமும் விவேகமும்

ஏழை வாலிபர்கள் குடிக்கிறார்கள். குடித்த பின் தகாத இடங்களை நாடுகிறார்கள். ஆணுறையை மட்டும் வேண்டாமென்று ஒதுக்குகிறார்கள். ஆகையால் அவர்களைத் திருத்த இயலாது என்று பெரிய மனிதர்கள் சிலர் கைவிரிப்பதை நாம் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டோம்.

சோளிங்கர் முதல் ஆம்பூர் வரையுள்ள ஊர்களில், தோல் பதனிடும் சாலைகளில் நாள் முழுதும் சுண்ணாம்பிலும் நாற்றத்திலும் நின்று கூலி வாங்கும் வாலிபன், அலுப்புத் தீர மதுக்கடையை நாடுகிறான். மது முதலில் கெடுப்பது விவேகத்தை. பகலில் அறிந்திருந்த அபாயம் இரவில் மறந்துபோகிறது. இத்துடன் வெட்கமும் சேர்ந்துகொள்கிறது. தன்னையும் தன் தகப்பனாரையும் அறிந்தவர் மருந்துக்கடையில் அமர்ந்திருக்க, அவன் வாய்திறந்து ஆணுறை கேட்பானா?

இவ்வபாயம் நமது பக்கத்துக்குப் புதிதன்று. 1986-ம் வருஷத்தில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சென்னையில் சேகரித்த இரத்தம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டபோதுதான், இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதன்முதலாக வெளிப்பட்டது. பிற்காலத்தில், சென்னைச் சேரிகளின் மதுக்கடைகளையே களமாகக்கொண்டு, செல்வாக்குள்ள நண்பர்களைக்கொண்டு புத்தி சொல்லுவித்து ஆராய்ச்சியாளர் சோதித்தனர். பல தேசங்களில் ஏககாலத்தில் நடந்த அச்சோதனையின் முடிவு 2010-ல் வெளியாயிற்று. நண்பர் உபதேசம் சேர்ந்த இடங்களுக்கும் சேராத இடங்களுக்கும் சொல்லத்தக்க வேற்றுமை இல்லை. உபதேசம் மட்டும் போதாதென்பதற்கு வேறு சாட்சி வேண்டுமோ?

1937-ல் சேலத்தில் தொடங்கி 1948-ல் மாகாணமெங்கும் பரவிய மதுவிலக்கு, 1971-ல் தளர்த்தப்பட்டது. 2003 முதல் சர்க்காரே டாஸ்மாக் மூலம் சில்லறையில் மது விற்கிறது. அதே சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் ஆணுறையை இனாமாகவும் வழங்குகிறது. விற்கும் கையும் வழங்கும் கையும் ஒன்றையொன்று அறியாமலிருப்பது முறையாகுமா? ஒவ்வொரு மதுக்கடையிலும், தொழிற்சாலை வாயிலிலும், யாரையும் கேளாமல் எடுத்துக்கொள்ளும்படி ஆணுறைப் பெட்டி வைக்க வேண்டுமென்பதே நமது கோரிக்கை.

இது ஒழுக்கக்கேட்டுக்கு இடங்கொடுப்பதாகும் என்பார் சிலர். கொட்டகையில் தண்ணீர் வாளி வைப்பது நெருப்பு மூட்டத் தூண்டுவதாகுமா? மேலும், தவறு கணவனுடையதாயினும் நோய் அவனோடு நில்லாது. ஒரு பாவமும் அறியாத மனைவியையும், அவள் வயிற்றுக் குழந்தையையும் பற்றும்.

மதுக்கடைகள் மூடப்படும் நாள் விரைவில் வரட்டும். அதற்காக நாமும் பாடுபடுவோம். அதுவரை அக்குடும்பங்களைக் காக்கும் எளிய சாதனத்தை வெட்கத்தின் பேரால் மறைத்துவைப்பது தர்மமாகாது. அதிகாரிகளும் தொழிற்சாலை முதலாளிகளும் உடனே முன்வருவார்களென்று நம்புகிறோம்.