முந்திரிக்கு என்ன எண்?

ஆங்கிலேயப் பிரபு ஒருவர் தன் மாளிகை நூலகத்தில் குத்துப்பட்டுக் கிடப்பார். சமையல்காரர், மருமகன், பாதிரியார் என்று எல்லோர் மேலும் சந்தேகம். அட்டைப்பெட்டியில் விற்கிற மர்ம விருந்து விளையாட்டுகளில் பெரும்பாலும் இதுதான் கதை. ஏப்ரல் மாதத்துப் புழுக்கத்தில், பெசன்ட் நகர் அடுக்ககக் கூடத்தில், கோட்டு மாட்டிக்கொண்டு ‘லார்ட் ஹென்றி’யாக நடிக்கச் சொன்னால் நம் வீட்டுப் பிள்ளைகள் நெளியாமல் என்ன செய்வார்கள்? இத்தனைக்கும் ஊரூர் ஒல்காட் குப்பத்தை ஒட்டிய தோட்டத்திலேயே அசல் மர்ம மாளிகை ஒன்று நிற்கிறது. விடுமுறைக்கு வந்த பிள்ளைகளுக்காக நான் கட்டிய விளையாட்டுக்கு அங்கிருந்துதான் கதை எடுத்தேன்.

கர்னல் ஒல்காட்டும் பிளாவட்ஸ்கி அம்மையாரும் 1882இல் தங்கள் பிரம்மஞான சபைக்காக அடையாற்றங்கரையிலிருந்த அந்தப் பங்களாவை வாங்கினார்கள். அம்மையாரின் அறையை ஒட்டி ஒரு சிறு அறை. அதன் சுவரில் ஒரு மரப்பேழை. அதற்குள் கேள்வி எழுதிப் போட்டால், இமயத்துக்கு அப்பாலிருக்கும் மகாத்மாக்களின் பதில் கடிதம் வரும் என்று நம்பினார்கள். குட்ஹூமி என்பவரின் கடிதங்கள் பெரும்பாலும் நீல எழுத்தில் இருக்கும், மோர்யாவுடையவை சிவப்பில். வீட்டு நிர்வாகம் எம்மா கூலோம் என்ற பெண்மணியிடம் இருந்தது. தச்சு வேலையெல்லாம் அவருடைய கணவர் அலெக்சி பார்த்துக்கொள்வார்.

1883 ஆகஸ்டில் ஜெனரல் மார்கன் என்ற ஓய்வுபெற்ற அதிகாரி அந்தப் பேழையைப் பார்க்க வந்தார். அம்மையார் அப்போது ஊட்டியில். எம்மா பேழைக் கதவைத் திறந்ததும் உள்ளே சாய்ந்திருந்த பீங்கான் சாசர் விழுந்து நொறுங்கியது. துண்டுகளைத் துணியில் முடிந்து உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்கள். சில நிமிடம் கழித்துத் திறந்தால் சாசர் முழுசாக இருக்கிறது, கூடவே ஒரு கடிதம்!

மறு ஆண்டு கூலோம் தம்பதி சபையிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். அம்மையார் தனக்கு எழுதியவை என்று சொல்லி எம்மா கொடுத்த கடிதங்களை 1884 செப்டம்பரில் மதராஸ் கிறித்தவக் கல்லூரி இதழ் அச்சிட்டது. பேழையில் நடந்ததெல்லாம் ஏற்பாடு என்றன அவை. லண்டனிலிருந்த அமானுஷ்ய ஆய்வுக் கழகம் ரிச்சர்ட் ஹாட்ஜ்சன் என்ற இளைஞரைத் துப்பறிய அனுப்பியது. அவர் வந்து சேர்வதற்குள் பேழையை எரித்துவிட்டிருந்தார்கள். அது தொங்கிய சுவரைப் பார்த்தார், வேலையாட்களை விசாரித்தார், மதராஸ் கடைக் கணக்குகளைப் புரட்டினார். கூலோம் வாங்கிய சாசர் ஒன்றல்ல, ஒரு ஜோடி என்று தெரிந்தது. 1885 டிசம்பரில் வந்த அவரது அறிக்கை அம்மையாரை மோசடிக்காரர் என்றது. நூறு வருஷம் கழித்து, 1986இல், அதே கழகத்தின் இதழில் வெர்னன் ஹாரிசன் என்ற ஆவண நிபுணர், ஹாட்ஜ்சனின் விசாரணை ஒருதலைப்பட்சமானது என்று பக்கம் பக்கமாக எழுதினார். வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஒல்காட்டே பழைய துப்பறிவாளர்தான். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ராணுவக் கொள்முதல் ஊழல்களைக் கிளறியவர், 1865இல் லிங்கன் கொலை விசாரணையிலும் பங்கெடுத்தவர். அவர் குடியிருந்த வீட்டைத் துப்பறிய லண்டனிலிருந்து ஆள் வர வேண்டியிருந்தது.

விளையாட்டு அமைக்கிறவருக்கு வருகிற முதல் ஆசை, ‘பிளாவட்ஸ்கி மோசடிக்காரரா?’ என்பதையே கேள்வியாக வைப்பது. அதை வைத்தால் விளையாட்டு படுத்துவிடும். நூறு வருஷமாகத் தீராத வழக்கைப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை இரவுச் சாப்பாட்டுக்குள் எப்படித் தீர்க்கும்? கடைசியில் நாம்தான் ஒரு தீர்ப்பைச் சொல்லி முடிக்க வேண்டியிருக்கும். விளையாடியவர்களுக்கு ஏமாந்த மாதிரி இருக்கும். ஆகவே என் கேள்வி, ‘உடைந்த சாசர் எப்படி முழுசானது?’ என்பது மட்டும்தான். பேழையின் பின்பக்கம் வழியாக இரண்டாவது சாசரை மாற்றி வைத்தார்கள் என்று ஹாட்ஜ்சன் சொன்ன விடையையே என் விளையாட்டின் விடையாக வைத்துக்கொண்டேன். இரண்டாவது சாசர், ரசீது, பின்பலகை நகர்கிற அலமாரி என்று அந்த விடைக்கு வேண்டிய எல்லாமே கையில் பிடிக்கக்கூடிய பொருள்கள், வீட்டுக்குள்ளேயே ஒளித்து வைக்கலாம். பெரிய கேள்வியைச் சாப்பாட்டு மேசைக்கு விட்டுவிட்டேன்.

அலமாரிக்கு, பழைய புத்தக ஷெல்ஃபின் பின்பக்க பிளைவுட்டில் இரண்டு ஆணியைக் கழற்றினால் போதும். கடிதங்களைத் தேயிலைச் சாயத்தில் நனைத்துக் காய வைத்தேன். நீலப் பென்சில் கடிதங்களில் மட்டும் முதலெழுத்துகளைக் கூட்டினால் ஒரு வாக்கியம் வரும். சிவப்பில் எழுதியவை வெறும் அலைக்கழிப்பு. மகாத்மா கடிதங்கள் சில கூரையிலிருந்து விழுந்ததும் நூல் வேலைதான் என்று கூலோம் தரப்பு சொன்னதை நானும் செய்து பார்த்தேன். குப்பத்தில் தங்கூசி நரம்பு வாங்கி, மின்விசிறிக் கொக்கி வழியாக விட்டு, சமையலறையிலிருந்து தளர்த்தினால் கடிதம் கூடத்தின் நடுவில் விழும். தங்கூசி அந்த வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. மின்விசிறியை அணைக்க மறக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட விளையாட்டுகளில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. சுறுசுறுப்பான ஒரே பிள்ளை எல்லாவற்றையும் அவிழ்த்துவிடும், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அதனால் ஒவ்வொரு பூட்டையும் ஒவ்வொருவருக்காகவே செய்தேன். சூட்கேஸின் மூன்று இலக்கப் பூட்டுக்குக் குறிப்பு: ‘எத்தனை முந்திரி சேர்ந்தால் ஒன்று?’ பிள்ளைகள் நேரே சமையலறைக்கு ஓடி முந்திரி டப்பாவைக் கவிழ்த்தார்கள். அதற்குள் இன்னொரு சீட்டு: ‘தின்கிற முந்திரி இல்லை.’ ஊஞ்சலில் உட்கார்ந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருந்த என் மாமனார் மெல்ல எழுந்தார். “முந்நூத்தி இருபதுல ஒண்ணுடா அது. கீழ்வாய் இலக்கம். எங்கப்பா பிரம்பை வச்சுண்டு சொல்லிக் கொடுத்தார்.” 320 போட்டதும் பூட்டு திறந்தது. அதற்குப் பிறகு அவர் ஊஞ்சலுக்குத் திரும்பவே இல்லை.

மொட்டை மாடிக் குறிப்பில், ‘தொட்டியிலிருந்து வாடைக்கு ஏழு அடி, கொண்டலுக்கு நாலு அடி’ என்று எழுதியிருந்தேன். என் மகனோடு கிரிக்கெட் ஆடுகிற குப்பத்துப் பையன் ஒருவனையும் கூப்பிட்டிருந்தோம். மற்றவர்கள் கைப்பேசியில் தேட ஆரம்பிக்குமுன் அவன் வடக்கே ஏழடி நடந்து கிழக்கே திரும்பிவிட்டான். “இது கூடவா தெரியாது?” என்றான், கொஞ்சம் இரக்கத்தோடு. பூந்தொட்டிக்கு அடியில் ரசீது இருந்தது. அதில் தெளிவாக எழுதியிருந்தேன்: சாசர், ஒரு ஜோடி.

பாத்திரங்களில் ஒருத்தி மட்டும் முழுக்க என் கற்பனை. பங்களாவுக்குத் தினம் மீன் கொண்டுவருகிற ஊரூர்க்காரி. தச்சர் அலெக்சி காகிதப் பொட்டலத்தோடு பின்வாசலில் நுழைந்ததை அவள் பார்த்திருக்கிறாள். ஆனால் கேட்டால்தான் சொல்வாள். எங்கள் வீட்டுக்கு மீன் தருகிற அக்காவே அந்த வேஷத்துக்குச் சம்மதித்தார். ஒத்திகையே வேண்டாம் என்றுவிட்டார். கூடையோடு வந்து வாசற்படியில் உட்கார்ந்தவரை யாரும் கண்டுகொள்ளவில்லை. ஜெனரலை விசாரித்தார்கள், எம்மாவை இரண்டு தடவை விசாரித்தார்கள், ஊட்டியிலிருக்கும் அம்மையாருக்குத் தந்திகூட அடித்தார்கள்.

சாசர் வழக்கு முடிந்து வஞ்சிரம் வறுவலோடு எல்லோரும் உட்கார்ந்ததும் பெரிய கேள்வி கிளம்பியது. மாமனார் அம்மையார் பக்கம். என் கணவர் ஹாட்ஜ்சன் பக்கம். பேழையை எரித்தது ஏன் என்பதில் மட்டும் இருவருக்கும் ஒரே குழப்பம். மீன்கார அக்காவுக்கு வேறு கோபம். “என்னெ ஒருத்தரும் ஒரு வார்த்தெ கேக்கலயேம்மா. கேட்டிருந்தா மாடிக்கே போயிருக்க வேணாமே. மொதல்லயே முடிஞ்சிருக்கும்.”

அடுத்த விளையாட்டுக்கு அவரையே துப்பறிவாளராகப் போடுவதாகச் சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாமாம், வியாபாரம் கெடுமாம்.