விரைவு வண்டியும் வடபகுதிப் பாதையும்

அதிவேகப் புகையிரதம் வேண்டுமா, வேண்டாவா என்னும் வினா இன்று பல நாடுகளில் பட்டிமண்டபப் பொருளாகிவிட்டது. நம்மவரிடையேயும் அவ்வினா எழாமலில்லை. ஆசிரியர்கள் கூடும் இடங்களிலும் மாணவர் மன்றங்களிலும் இதன்பொருட்டு இரு கட்சியார் உளர். காலையில் கொழும்பில் ஏறி, பசி எடுக்குமுன் யாழ்ப்பாணத்தில் இறங்கும் காலம் வந்தாலன்றி இந்நாடு தலையெடுக்காது என்பர் ஒரு சாரார். கடன்பட்ட நாட்டுக்கு இஃது ஆகாத ஆடம்பரம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவர் மறுசாரார். இரு சாராரும் வேகத்தைப் பற்றியே பேசுகின்றனர்; நேரத்தைப் பற்றி எவரும் வாய் திறப்பதாகத் தெரியவில்லை. ஓடும்போது வண்டி எத்துணை விரைவாக ஓடுகிறது என்பது ஒரு கணக்கு. புறப்பட்ட இடத்திலிருந்து போய்ச் சேரும் இடம்வரை ஒருவனுக்கு எத்துணை நேரம் செல்கிறது என்பது மற்றொரு கணக்கு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதனாலேயே விவாதம் கால் ஊன்ற இடமின்றி அந்தரத்தில் நிற்கிறது.

வேகத்துக்குப் பெயர்பெற்ற யப்பானிலிருந்தே தொடங்குவோம். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாந் திகதி தோக்கியோவுக்கும் ஒசாக்காவுக்கும் இடையே 515 கிலோமீற்றர் நீளமான புதிய பாதை திறக்கப்பட்டது. மணிக்கு 210 கிலோமீற்றர் வேகத்தில் வண்டி ஓடியது. உலகம் வியந்தது. ஆனால் அப்பாதை எதற்காக அமைக்கப்பட்டது என்பதை நம் பேச்சாளர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை. அவ்விரு நகரங்களையும் இணைத்த பழைய பாதையில், இனி ஒரு வண்டியையும் நுழைக்க இடமில்லை என்னும் அளவுக்கு நெரிசல் மிகுந்துவிட்டது. நாட்டின் பாதை நீளத்தில் மிகச் சிறு பங்கே கொண்ட அவ்வழியில், மொத்தப் போக்குவரத்தின் நாலிலொரு பங்களவு சென்றுகொண்டிருந்தது. வேறு வழியின்றியே புதுப்பாதை போட்டனர். போடுவதாயின் வளைவு குறைத்து, தரைக்கடவை ஒன்றேனும் வையாது, விரைவுக்கென்றே போடுவோம் என்று துணிந்தனர். எனவே அங்கு இடநெருக்கடியே முதற் காரணம். வேகம் அதன் பின் வந்தது.

அத்துணிவும் இலவசமாகக் கிடைக்கவில்லை. உலக வங்கியிடம் 8 கோடி டொலர் கடன் வாங்கினர். மதிப்பிட்ட செலவு ஏறத்தாழ இருமடங்காயிற்று. அதன்பொருட்டுப் புகையிரதத் தலைவர் சோகோ ஷின்ஜியும் தலைமைப் பொறியியலாளர் ஷிமா ஹிடேயோவும் 1963இல் பதவி துறந்தனர். திறப்புவிழாவுக்கு அவ்விருவரும் அழைக்கப்படவுமில்லை. எனினும் அன்றுதொட்டு இன்றுவரை, தடம்புரண்டோ மோதியோ அவ்வண்டிகளில் ஒரு பயணியும் மாண்டதில்லை. ஆடம்பரம் என்று இதனைத் தள்ளுவோர் இவ்வொரு செய்தியையேனும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். (இடையே ஒன்று: அவர்களுடைய புதுப்பாதையின் தண்டவாள இடைவெளி 1,435 மில்லிமீற்றர்; நம்முடையது 1,676. அகலத்தால் மட்டும் வேகம் வருவதாயின் நாமன்றோ அவர்களுக்கு முன்னோடிகளாக இருந்திருப்போம்!)

இனி அயல்நாட்டுக்கு வருவோம். மும்பை–அகமதாபாத் அதிவேகப் பாதைக்கு 2017 செப்டெம்பர் 14ஆந் திகதி அடிக்கல் நாட்டினர். 508 கிலோமீற்றர் நீளம். மணிக்கு 320 கிலோமீற்றர் வேகம். செலவின் பெரும்பகுதிக்கு யப்பான் 0.1 வீத வட்டியில் ஐம்பது ஆண்டுக் கடன் தந்தது. சரியாகப் பதினைந்து நாள் கழித்து, செப்டெம்பர் 29ஆந் திகதி காலை, அதே மும்பையில் எல்ஃபின்ஸ்டன் சாலை நிலையத்தின் ஒடுங்கிய நடைபாலத்தில் மழைக்கு ஒதுங்கியவர்களும் வண்டியிலிருந்து இறங்கியவர்களும் நெருக்குண்டு 23 பேர் உயிரிழந்தனர். அன்றாடம் வேலைக்குச் செல்லும் எளியோர் அவர்கள். விரைவு வண்டியை எதிர்த்தவர்களுக்கு இதைவிடக் கூர்மையான ஆயுதம் வேறு கிடைத்திருக்க முடியாது. கொங்கண் பாதையையும் தில்லி மெட்ரோவையும் கட்டிய பொறியியலாளர் இ. ஸ்ரீதரனும், இத்தகைய வண்டி வசதி படைத்தோர்க்கே பயன்படும் என்று மறு ஆண்டில் கருத்துரைத்தார்.

அந்த வாதத்தை நான் முழுமையாக ஏற்கவில்லை. அடிக்கல் நாட்டாதிருந்தால் நடைபாலம் அகன்றிருக்கும் என்பதற்கு என்ன உறுதி? ஒன்றுக்கு ஒதுக்கிய பணம் மற்றதற்குத் தானே போய்ச் சேர்ந்துவிடாது. ஆயினும் அவ்விரு நாள்களையும் அருகருகே வைத்துப் பார்க்கையில் ஓர் உண்மை புலனாகின்றது. அதிவேகப் பாதைக்கு இரு நாட்டுப் பிரதமர்கள் வந்து கல் வைப்பர். நடைபாலத்தை நான்கு அடி அகலமாக்குவதற்கு எவரும் நாடா வெட்ட வருவதில்லை. அரசியல் உலகில் விழாவுக்கு உரியதே முதலில் நடைபெறுகின்றது. நம் நாட்டிலும் இதுவே வழக்கம்.

நம் பாதையின் கதைக்கு வருவோம். 1864ஆம் ஆண்டு திசெம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுசைக்கு முதல் வண்டி ஓடியது. கோப்பி மூடைகளைத் துறைமுகத்துக்கு இறக்குவதே ஆங்கிலேயரின் நோக்கம். சில ஆண்டுகளில் கோப்பிச் செடியைப் பூஞ்சண நோய் தின்றது. பாதை மட்டும் நிலைத்தது, பின்னர் தேயிலையைச் சுமந்தது. வடபகுதிக்கோ அத்தகைய செல்வப் பொருள் எதுவும் இல்லை. வன்னிக் காட்டினூடே பாதை போட்டால் யார் ஏறுவர் என்ற ஐயம் நெடுங்காலம் நின்றது. இறுதியில் 1902இல் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே ஒரு துண்டுப் பாதை, ஏனைய பாதைகளோடு இணையாமலே, தனியே ஓடத் தொடங்கியது. 1905 ஓகத்தில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நேரே வண்டி வந்து சேர்ந்தது. 'யார் ஏறுவர்' என்ற கேள்விக்கு அடுத்த ஐம்பது ஆண்டுகள் விடை கூறின. எழுதுவினைஞரும் ஆசிரியரும் வணிகரும், வாரந்தோறும் மெயில் வண்டியில் ஊருக்குப் போய்த் திரும்பினர். 1956 ஏப்பிரிலில் யாழ்தேவி புறப்பட்டது. வெள்ளவத்தையும் கொட்டாஞ்சேனையும் கொம்பனித்தெருவும் தமிழர் குடியிருக்கும் இடங்களாகப் பெருகியதில் அப்பாதைக்குப் பெரும்பங்கு உண்டு. ஒரு காலை ஊரிலும் மறுகாலைத் தலைநகரிலும் ஊன்றி வாழும் வாழ்க்கை இரும்புப் பாதையால் இயன்றது.

பின்னர் நிகழ்ந்ததை விரித்துரைக்க வேண்டியதில்லை. 1990 யூன் 13ஆந் திகதியோடு யாழ்ப்பாணத்து வண்டி நின்றது. தண்டவாளங்களும் அவற்றைத் தாங்கிய கட்டைகளும் பெயர்க்கப்பட்டுப் பதுங்குகுழிகளாயின. தரைவழி சில காலம் திறந்தும் சில காலம் மூடியும் கிடந்தது. பெற்றார் இறந்த செய்தி வந்தும் போக வழியின்றிக் கொழும்பிலிருந்தே கடன் கழித்தவர்கள் என் தெருவிலேயே பலர். 2014 ஒக்டோபர் 13ஆந் திகதி மீண்டும் யாழ்ப்பாண நிலையத்துக்கு வண்டி வந்தபோது, அது மணிக்கு எத்தனை மைல் ஓடியது என்று மேடையில் நின்ற முதியோர் எவரும் கேட்டிருக்கமாட்டார். இருபத்து நான்கு ஆண்டு இல்லாதிருந்த ஒன்று வந்ததே போதுமாயிருந்தது.

ஆனால் அந்த மனநிறைவு என்றென்றைக்கும் போதாது. இன்று வண்டியில் ஏறும் இளைஞன் அதே பாதையைப் பேருந்தோடும் அதிவேக நெடுஞ்சாலையோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறான். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். நகரிடைக் கடுகதி ஆறரை மணி நேரத்தில் போய்ச் சேர்கிறது என்று வைத்துக்கொண்டால், சராசரி வேகம் மணிக்கு 62 கிலோமீற்றரை எட்டவில்லை. பாதையோ பல இடங்களில் 100 கிலோமீற்றர் வேகத்தைத் தாங்கக்கூடியது. இடைப்பட்ட வேகம் எங்கே மறைந்தது?

மாணவர்கள் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நூறு கிலோமீற்றர் நீளமான நல்ல பாதையில் மணிக்கு 100 கிலோமீற்றர் ஓடும் வண்டியை 120 ஆக விரைவாக்கினால், அறுபது நிமிடம் ஐம்பதாகும். மிச்சம் பத்து நிமிடம். பழுதுபட்ட பத்தே கிலோமீற்றரில் 20 கிலோமீற்றர் வேகத்தில் ஊரும் வண்டியை 60 ஆக்கினால், முப்பது நிமிடம் பத்தாகும். மிச்சம் இருபது நிமிடம். விரைவான இடத்தை மேலும் விரைவாக்குவதினும் மெதுவான இடத்தைச் சீர்செய்வது இருமடங்கு பயன் தருகின்றது, அதுவும் பத்திலொரு பங்கு நீளத்தில். பொல்கஹவெலைக்கு அப்பால் காங்கேசன்துறைவரை முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஒற்றைப் பாதை. எதிர் வண்டி வரும்வரை இவ்வண்டி நிலையத்தில் காத்து நிற்கவேண்டும். ஒரு வண்டி பிந்தினால் அதன் எதிர் வண்டியும் பிந்தும். அதனால் மூன்றாவதும் பிந்தும். இந்தக் காத்திருப்பை 300 கிலோமீற்றர் வேக எந்திரம் எதனாலும் போக்கமுடியாது.

ஆகவேதான் மாஹோவுக்கும் ஓமந்தைக்கும் இடையே 128 கிலோமீற்றர் பாதையைப் புதுப்பித்த வேலையை, அதற்குக் கிடைத்த கவனத்தினும் பெரியதாக நான் மதிக்கிறேன். 2023இலும் 2024இலும் பல மாதங்கள் பாதையை மூடிவைத்து, இந்தியக் கடனுதவியில், ஏறத்தாழ 9 கோடி டொலர் செலவில் அது நடைபெற்றது. 2025 ஏப்பிரிலில் அநுராதபுரத்தில் திறந்து வைத்தபோது மாஹோ–அநுராதபுரப் பகுதிக்குப் புதிய சமிக்ஞை முறை அமைக்கும் வேலையும் தொடக்கி வைக்கப்பட்டது. வளையத்தில் மாட்டிய தகட்டை நிலைய அதிபர் கையளிக்க, சாரதி பறித்துக்கொண்டு போகும் காட்சி அழகுதான். நூற்றாண்டு கடந்த அம்முறையை வைத்துக்கொண்டு நேரத்தை மிச்சப்படுத்தல் அரிது. மும்பைப் பாதைக்கு முதலில் மதித்த செலவு ஏறத்தாழ 1,700 கோடி டொலர், அதாவது கிலோமீற்றருக்கு மூன்று கோடிக்கு மேல். நம்முடையதற்குக் கிலோமீற்றருக்கு ஏழு இலட்சம். புதுப்பாதையையும் பழம்பாதையின் செப்பனிடலையும் ஒரே தராசில் நிறுப்பது முறையன்று என்பதை அறிவேன். கையில் உள்ள பணத்துக்கு எத்தனை நிமிடம் வாங்கலாம் என்று கேட்பதில் மட்டும் பிழையில்லை.

பாதை சீராகி வண்டி விரைந்தால் வேறொரு பொறுப்பு வந்து சேரும். வடபகுதியில் பாதை மீண்டபின், காவலில்லாக் கடவைகளில் உயிர்கள் பல பறிபோயின. இருபத்து நான்கு ஆண்டு வண்டியின் ஓசையே கேளாது வளர்ந்த தலைமுறைக்குத் தண்டவாளம் வெறும் வழிநடைப் பாதையாய் இருந்தது. பின்னர் கடவைக் காப்பாளர்களை அமர்த்தினர். பொலிஸ் திணைக்களத்தின் கீழ், நாளொன்றுக்கு 250 ரூபா கொடுப்பனவில், பல ஆண்டுகள் அவர்கள் நின்றனர். தேநீரும் இரண்டு பணிசும் வாங்கினால் தீர்ந்துபோகும் அப்பணத்தில், நூற்றுக்கணக்கானோர் உயிரை அவர்கள் கையில் ஒப்படைத்தோம். கிழக்குப் பாதையிலோ 2025 பெப்புருவரி 20ஆந் திகதி அபறணைக்கு அருகே யானைக் கூட்டத்தின்மீது வண்டி மோதி ஆறு யானைகள் மாண்டன, வண்டியும் தடம்புரண்டது. கடவையும் கானகமும் உள்ள பாதையில் வேகத்தைக் கூட்டுவோர், கதவுக்கும் வேலிக்கும் காவலனுக்கும் செலவு ஒதுக்காமல் கூட்டுவாராயின் அது கொலைக்கு ஒப்பாகும்.

நான் குடியிருக்கும் கொம்பனித்தெருவைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். ஒல்லாந்தக் கும்பனியாரின் பெயர் தாங்கிய இவ்விடத்தில், ஆங்கிலேயர் காலத்துப் புகையிரத நிலையம் இன்றும் நிற்கிறது. காலையில் கரையோர வண்டிகள் வந்து நிற்கும்போது, வாயிற் கம்பியைப் பற்றித் தொங்கும் கைகளையே முதலிற் காணலாம். பாணந்துறையிலிருந்தும் மொறட்டுவையிலிருந்தும் வேலைக்கு வருவோர் அவர்கள். வண்டிக்காகத் தெருவை மறிக்கும் கடவையால் மோட்டார்கள் தேங்குவதைப் போக்க, 2024 யூலையில் மேம்பாலம் ஒன்று திறந்தனர். நல்ல காரியந்தான். மோட்டாரில் இருப்பவனின் ஐந்து நிமிடத்துக்கு விலை உண்டு என்பதை அரசு ஏற்றுக்கொண்டது. கம்பியைப் பற்றித் தொங்குபவனின் ஒரு மணி நேரத்துக்கு அதேபோன்ற விலை இன்னும் குறிக்கப்படவில்லை.

அதற்கு ஒரு வாய்ப்பு வந்தும் போயிற்று. கோட்டையிலிருந்து மாலபேவரை 16 கிலோமீற்றர் அளவில் இலகு புகையிரதம் அமைக்க, யப்பானோடு 2019இல் கடன் உடன்படிக்கை செய்தோம். வட்டி 0.1 வீதம், தவணை நாற்பது ஆண்டு, முதற் பன்னிரண்டு ஆண்டு முதல் திருப்பவேண்டியதில்லை. 2020 செப்டெம்பரில் செலவு மிகுதி என்று கூறி அத்திட்டத்தை அரசு கைவிட்டது. 2022 ஏப்பிரிலில் நாடு கடன் கட்ட முடியாத நிலையை அறிவித்தது. கடனின் சுமை அறிந்து விலக்கினோம் என்று ஆதரிப்போர் கூறலாம். அவ்வாறாயின், அதைவிடக் கடுமையான வட்டிக்கு வாங்கி வேறு பல கட்டிடங்களை எழுப்பியதேன் என்று கேட்கத் தோன்றுகிறது. எனக்கு அத்திட்டத்தின் மதிப்பீட்டில் ஐயங்கள் உண்டு. ஆனால் பல ஆண்டுகள் ஆராய்ந்து எடுத்த முடிவைப் பொதுமக்கள் மன்றத்தில் வாதிடாமலே மாற்றியதை ஏற்கமுடியவில்லை. பாதை போடுவதும் போடாமல் விடுவதும் முப்பது ஆண்டு நின்று பேசும் செயல்கள்.

இவ்வாறு நான் பேசுவதைக் கேட்ட மாணவர் ஒருவர், "அப்படியானால் ஐயா, பெரிய கனவே காணக்கூடாது என்கிறீர்களா?" என்று வினவினார். நல்ல கேள்வி. 1956இல் யாழ்தேவியும், அதற்குச் சற்று முன்னும் பின்னுமாக உருகுணு குமாரியும் உடரட்ட மெனிக்கேயும் ஓடத் தொடங்கிய காலத்தில், பி. டி. இறம்பாலா என்னும் நம் நாட்டுப் பொறியியலாளர் புகையிரதத் திணைக்களத்தின் பொது முகாமையாளராக இருந்தார். அவர் புதுப்பாதை எதையும் போட்டு அவ்வண்டிகளை ஓட்டவில்லை. இருந்த தண்டவாளத்தில், டீசல் எந்திரத்தைக் கொண்டும் ஒழுங்கான நேர அட்டவணையைக் கொண்டும் ஓட்டினார். அக்காலத்தில் அதுவே பெரிய கனவு. அவ்வண்டிகளின் பெயர் இன்றும் மக்கள் நாவில் இருக்கின்றது.

மாணவருக்கு நான் சொன்ன விடை இதுதான். யப்பானியர் பழைய பாதையில் இடமில்லாமற் போனபின் புதியது போட்டனர். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு நாளில் செல்லும் வண்டிகளையோ விரல்விட்டு எண்ணிவிடலாம். பொல்கஹவெலைக்கு அப்பால் எதிர் வண்டிகள் நில்லாமற் கடக்க வேண்டிய இடங்களில் இரட்டைப் பாதை போட்டு, கடவைகளுக்குக் கதவும் நிரந்தரச் சம்பளமும் கொடுத்து, சராசரி வேகத்தை 62இலிருந்து 80க்கு உயர்த்தினால், யாழ்ப்பாணம் ஐந்து மணி நேரம். வண்டிகளின் தொகையும் இருமடங்காகலாம். அந்த வண்டிகளும் நிரம்பி, நிற்கவும் இடமில்லை என்ற முறைப்பாடு எழும் நாளில் அதிவேகப் பாதைக்கு மனுப் போடுங்கள். முதற் கையெழுத்து என்னுடையது என்றேன்.