வாசலில் நிற்கும் கடனாளி

2025 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றம், கடன் தவணை தவறிய ஒருவரின் பணிநியமனத்தை பாரத ஸ்டேட் வங்கி ரத்துசெய்தது சரியே என்றது. பொதுப்பணத்தைக் கையாள்பவருக்கு நிதி ஒழுக்கம் வேண்டுமாம்.

ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்தக்கூலியாய் நின்றுகொண்டே வங்கித்தேர்வு எழுதுபவனுக்கு, ஆலை ஆட்குறைத்த மாதம் வண்டித்தவணை தவறும். சிபில் அதைக் குறிக்கும். ஏன் தவறியது என்பதைக் குறிக்காது.

அத்திப்பள்ளிக்கு அப்பால், கர்நாடகம் 2010இல் மாநிலங்களவைக்கு அனுப்பிய விஜய் மல்லையா, இதே வங்கிக்குச் சொந்த உத்தரவாதம் அளித்த கடன் நிலுவையில் கிடக்க, 2016 மார்ச்சில் உறுப்பினராகவே லண்டன் போனார். அந்த நாற்காலிக்கு எவரும் சிபில் கேட்பதில்லை!

மத்திய அரசு ஊழியருக்கான 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளில் 17ஆவது, கடன் தன் கைமீறிய சூழலால் வந்ததென்று நிரூபிக்க இடமளிக்கிறது. உள்ளே இருப்பவருக்குரிய அந்த இடத்தை வாசலில் நிற்பவனுக்கும் கேட்கிறோம்.