படகுக்கு எந்த மோட்டார்? கணக்குப் பார்த்து வாங்குவோம்

நிலம் நம் கையில் இருந்த காலத்தில், உழவுக்கு மாடு வாங்கப் போகும் பெரியவர்கள் முதலில் வயலின் அளவைத்தான் பார்த்தார்கள். ஒரு ஏக்கர் வயலுக்கு ஊரிலேயே பெரிய மாட்டை வாங்கி, வைக்கோலுக்குக் கடன்பட்டவனை ஊர் பார்த்துச் சிரித்தது. இன்று அந்த வயல்களில் பல நீருக்குள் கிடக்கின்றன. காசல்ரீ நீர்த்தேக்கம் 1965இலும், மவுஸ்ஸாக்கலை 1969இலும், கொத்மலை 1985இலும், மேல் கொத்மலை 2012இலும் எழுந்தன. நிலத்தை இழந்து கரையேறிய குடும்பங்களில் சில இன்று வலையும் வள்ளமுமாகப் பிழைக்கின்றன. மண்ணில் கற்ற பாடத்தை நீரிலே மறந்துவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

இப்போது கரையெங்கும் ஒரே பேச்சு, வள்ளத்துக்கு மோட்டார் பூட்டுவது பற்றித்தான். துடுப்புப் போட்டுத் தோள் தேய்ந்தவர்கள் அப்படி நினைப்பதில் பிழை எதுவும் இல்லை. ஆனால் பேச்சு உடனே 8 குதிரைவலு, 15 குதிரைவலு பெற்றோல் இஞ்சின் என்று போய்விடுகிறது. "பக்கத்து வள்ளத்தில் இருப்பதைவிடப் பெரியது வேண்டும்" என்ற எண்ணம் வந்துவிட்டால், நட்டஈட்டுப் பணத்தில் மிஞ்சியதும் சீட்டுப் பணமும் ஒரே நாளில் கரைந்துவிடும். விரலுக்குத் தகுந்த வீக்கம்தான் வேண்டும். நமது நீர்த்தேக்கங்களில் இரண்டு பேர் போய் வலை போட்டு வரும் சிறு படகுக்குப் பற்றரியில் ஓடும் சிறிய மின் மோட்டாரே ஏற்றது என்பது எமது கருத்து. அதையும் அளந்துதான் வாங்க வேண்டும்.

ட்ரோலிங் மோட்டார் என்று கடைக்காரர் சொல்லும் இந்த மோட்டார் புதிய அதிசயம் அல்ல. தூண்டிலை மெதுவாக இழுத்துச் செல்வதற்காக அமெரிக்காவில் 1934இலேயே இதைச் செய்துவிட்டார்கள். படகின் பின்பலகையில் மாட்டி, கைப்பிடியால் திருப்பலாம். புகையும் இல்லை, இரைச்சலும் இல்லை.

பெரிய இஞ்சின் ஏன் வேண்டாம்? முதலாவது, படகின் உடல்வாகு. 14 அடி நீளமுள்ள பாரமான படகு நீரைக் கிழித்துக்கொண்டு போகும்போது மணிக்கு 9 கிலோமீற்றர் அளவில் தானாகவே முட்டுப்படும். அதற்கு மேல் வலு கூட்டினால் அலைதான் பெரிதாகும், வேகம் அந்த அளவுக்குக் கூடாது. இரண்டாவது, எரிபொருள். 2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். பெற்றோல் வரிசையில் நாட்கள் போயின. அந்த ஆண்டு ஆகஸ்ட் மாதம் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே பாய்ச்சலில் ஏறியது. மூன்றாவது, தண்ணீர். காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீரெல்லாம் களனி கங்கையாகிப் பலருக்குக் குடிநீராகிறது. எண்ணெய் கலந்து எரியும் பழைய இரண்டு வீச்சு இஞ்சின்கள் அதில் ஒரு பங்கை எரிக்காமலே நீரில் விடுகின்றன.

இனிக் கணக்குக்கு வருவோம். மின் மோட்டாரைக் குதிரைவலுவில் அல்ல, தள்ளும் விசையில், இறாத்தல் கணக்கில் விற்கிறார்கள். ஏற்றிய படகின் ஒவ்வொரு 100 இறாத்தல் பாரத்துக்கும் குறைந்தது 2 இறாத்தல் தள்ளுவிசை வேண்டும் என்பது பொது விதி. அலுமினியப் படகு 90 கிலோ, இருவர் 130 கிலோ, பற்றரி 30 கிலோ, வலையும் மீனும் 50 கிலோ என்று வையுங்கள். மொத்தம் 300 கிலோ, அதாவது ஏறத்தாழ 660 இறாத்தல். விதிப்படி 14 இறாத்தல் போதும். ஆனால் அது காற்றில்லாத நாளின் கணக்கு. தென்மேல் பருவக்காற்று மலையிடுக்கால் இறங்கி முகத்தில் அடிக்கும்போது கரை சேர வேண்டுமானால் அதைப்போல் மூன்று மடங்கு கையிருப்பு வேண்டும். ஆகவே 40 முதல் 55 இறாத்தல் வரை உள்ள மோட்டார் சரியானது. அதற்கு மேல் போனால் பெரும்பாலும் 24 வோல்ற், அதாவது இரண்டு பற்றரி என்றாகிவிடும். செலவும் இரட்டிக்கும், பாரமும் இரட்டிக்கும்.

மோட்டாரைவிடப் பற்றரியைத் தெரிவதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். லொறிப் பற்றரி வண்டியைக் கிளப்பச் செய்யப்பட்டது. ஒரு நொடி பலமாகக் கொடுக்கும், மணிக்கணக்கில் கொடுத்தால் தகடு கெட்டுவிடும். "டீப் சைக்கிள்" என்று எழுதியதையே கேட்டு வாங்குங்கள். 55 இறாத்தல் மோட்டார் முழு வேகத்தில் ஏறத்தாழ 50 அம்பியர் இழுக்கும். 100 அம்பியர்-மணிப் பற்றரி கணக்கில் இரண்டு மணி நேரம் ஓடும். ஆனால் ஈயப் பற்றரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். எனவே முழு வேகத்தில் ஒரு மணி நேரம் என்றே மனதில் வையுங்கள்.

அது போதுமா? வலை போடும் இடம் இரண்டு கிலோமீற்றர் தூரம் என்று வைப்போம். நடை வேகத்தில், மணிக்கு 5 கிலோமீற்றரில், 30 அம்பியர் அளவில் போனால், போய்வர 50 நிமிடம், 25 அம்பியர்-மணி செலவு. மாலையில் வலை போட ஒரு பயணம், விடியலில் வலை தூக்க ஒரு பயணம். ஆக 50. சரியாகப் பாதிப் பற்றரி. வீட்டு மின்சாரத்தில் அதை மீண்டும் நிரப்ப ஒரு யூனிட் அளவே போகும். காற்று பலமான மாதங்களில் தூரத்தைக் குறையுங்கள், அல்லது இரண்டு பயணத்துக்கும் இடையில் மின்னேற்றுங்கள். லித்தியம் பற்றரி பாரத்தில் பாதிக்கும் குறைவு, ஆழமாக இறக்கினாலும் தாங்கும். ஆனால் விலை அதிகம், அதற்குரிய சார்ஜரும் வேண்டும்.

வாங்கும்போது வேறு சில காரியங்களையும் பாருங்கள். ஐந்து படி சுவிட்சைவிட, விரும்பியபடி வேகத்தைத் திருகும் கைப்பிடி மெது ஓட்டத்தில் மின்சாரத்தை நன்கு மிச்சப்படுத்தும். தண்டின் நீளத்தைப் படகில் வைத்து அளக்க வேண்டும். சுழலியின் மேல்விளிம்பு நீருக்குள் அரை அடியாவது அமிழாவிட்டால் காற்றைத்தான் கடையும். நமது பைபர் வள்ளங்கள் பல இரு முனையும் கூர்மையானவை. அவற்றுக்குக் குறுக்குப் பலகை பூட்டித்தான் மோட்டாரை மாட்ட முடியும். அலுமினியப் படகில் பற்றரியை மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டிக்குள் வையுங்கள். அமிலம் சிந்தினாலும், உரிந்த வயர் தகட்டில் பட்டாலும் அலுமினியம் அரித்துப் போகும். தடித்த வயரும் தானே அறுக்கும் சுவிட்சும் செலவு அல்ல, காவல்.

வரட்சியில் நீர் இறங்கும்போது பழைய மஸ்கெலியா நகரின் கோயிலும் சுவர்களும் மேலே தெரிவதைப் பார்த்திருக்கிறோம். முழுதும் தெரியும் காலத்தில் ஆபத்தில்லை. ஓரடி நீருக்குள் மறைந்திருக்கும் காலத்தில்தான் மரக்குற்றியும் மதிலும் சுழலியை உடைக்கும். சுழலியைப் பிடிக்கும் சிறு ஊசி அப்படி அடிபடும்போது தானே முறிந்து மோட்டாரைக் காப்பாற்றும். அதில் இரண்டு மேலதிகமாகக் கையில் இருக்கட்டும். மோட்டார் வந்துவிட்டதென்று துடுப்பை வீட்டில் வைத்துவிட்டுப் போகாதீர்கள். உயிர்காப்பு அங்கி இல்லாமலும் போகாதீர்கள். மழைக்காலத்தில் வான்கதவுப் பக்கம் போகவே வேண்டாம்.

பணம் கொடுப்பதற்கு முன், அந்த நீர்த்தேக்கத்தில் மோட்டார் பூட்டிய படகுக்கு அனுமதி உண்டா என்று மீன்பிடி அலுவலரிடம் கேட்டு, எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். மோட்டாரை வாங்கிய பின் கேட்பது வெள்ளம் போன பின் அணை கட்டுவது போன்றது.

மானியம் வரும் என்று காத்திருந்து பெரியதை வாங்குவோம் என்பாரும் உண்டு. 1990இல் அரசாங்கம் உள்நாட்டு மீன்பிடிக்கான ஆதரவை நிறுத்தியது. 1994இல்தான் மீண்டும் தொடங்கியது. அந்த இடைவெளியில் தாங்கி நின்றது, சொந்தக் கையால் நடத்தக்கூடிய சிறு தொழிலே. ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டும் என்றார்கள் நமது முன்னோர்.

ஆகவே எமது யோசனை இது. அடுத்த சங்கக் கூட்டத்தில் மூன்று நான்கு குடும்பங்கள் சேர்ந்து ஒரு மோட்டார், ஒரு பற்றரி வாங்கட்டும். ஒரு பருவம் மாறி மாறி ஓட்டி, எவ்வளவு தூரம், எவ்வளவு மின்சாரம், எவ்வளவு மீன் என்று கொப்பியில் எழுதட்டும். அந்தக் கொப்பி சரி என்று சொன்னால் ஒவ்வொருவரும் வாங்கலாம். இல்லை என்று சொன்னால் நட்டம் நான்காகப் பிரியும், எந்த வீடும் தனியே விழாது. ஒருமுறை நிலத்தை இழந்தோம், அது நமது கையில் இருக்கவில்லை. இம்முறை கையிலுள்ள காசை இழப்பதும் காப்பதும் நமது கணக்கில்தான் இருக்கிறது.